மன்னவனூர் பிரசவ விடுதியை மூடவில்லை

மன்னவனூர், 14-2-1959

அன்புள்ள அம்மாவுக்கு, கித்தேரி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

சர்க்கார் பட்ஜெட்டில் செலவைக் குறைக்க, நான் நர்ஸாக இருக்கும் இந்தப் பிரசவ விடுதியை மூடுவதாக இருந்தார்கள். அதைப் பேசக் கொடைக்கானல் வந்த எம்.எல்.ஏ.க்கள் என்னையும் கூப்பிட்டார்கள்.

"பிரசவத்துக்கு இங்கே கொடைக்கானலுக்கே கொண்டாரக் கூடாதாம்மா?" என்றார் ஒருவர்.

"வலி வந்தவளைத் தூக்கிக்கிட்டு மலையில நடக்கணுங்க. நான் வர்றதுக்கு முந்தி ஒருத்தி பாதி வழியிலேயே செத்துப்போனா," என்றேன்.

வெகுநேரம் வாதாடி, தாங்கள் தங்கும் பங்களாவைப் புதுப்பிக்கும் செலவை வெட்டி விடுதியைக் காப்பாற்றினார்கள்.

மூடியிருந்தால் என்னை நம் தூத்துக்குடிக்கே மாற்றியிருப்பார்கள். தெரிந்துதான் பேசினேன்.

கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். தம்பி படித்த பழைய பத்திரிகைகளும் வேண்டும். குளிருக்கு எல்லாரும் சாயங்காலம் வெள்ளனே கதவடைத்துவிடுகிறார்கள்.

தபால்காரர் நிற்கிறார். ஈஸ்டருக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் மகள்,
கித்தேரியம்மாள்