சாராயத்தில் கந்தகம் இல்லை, அண்ணே

என் ஆரோக்கியண்ணே,

உன்னைப் புதைத்த பிறகு உனக்கு நான் சொல்லும் முதல் சேதி இது: நான் சண்டை போட்டேன். ஊரே வேண்டாம் என்றது. போட்டேன்.

மில்லில் நெல் ஊறவைத்த கழிவுத் தண்ணீர் தேங்கும் தொட்டிக்குள் உன்னை இறங்கச் சொன்னார்கள். மோட்டார் அடைத்துக்கொண்டதாம். அடிச் சேற்றைக் கிளறியதுமே நீ சுருண்டு விழுந்தாய். உன்னோடு வேலை பார்த்த செல்வம் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உன்னைத் தூக்க இறங்கினான். அவனும் மயங்கினான். ஆனால் அவன் பிழைத்தான்.

அன்று சாயங்காலமே மேனேஜர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். "குடிச்சிட்டு எறங்கினான், தடுமாறி விழுந்துட்டான்." நீ குடிப்பவன்தான். நான் எங்கே மறைத்தேன்? அதற்காக உன் சாவையும் குடியின் தலையில் கட்டிவிடலாமா?

ஆஸ்பத்திரியில் உன் கழுத்திலிருந்து கழற்றிய மாதா டாலரை அண்ணி என்னிடம் காட்டினாள். வேளாங்கண்ணிக்கு நடந்து போய் அந்த வாரம்தான் வாங்கி வந்திருந்தாய். பளிச்சென்று இருந்த வெள்ளி கரியாய்க் கறுத்திருந்தது. செல்வத்தின் வெள்ளி மோதிரமும் அப்படியே. "காலையில வெள்ளையாத்தான் இருந்துச்சு டீச்சர்" என்றான்.

பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. சேர்க்கை, சிதைவு, இடப்பெயர்ச்சி, எரிதல் என்று வேதிவினைகளின் வகைகளை வருஷா வருஷம் பத்தாம் வகுப்புக்கு நடத்துகிறவள் நான். காற்றுப் புகாத அந்தச் சேற்றில் தவிடும் நொய்யும் அழுகிச் சிதைந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகியிருக்கிறது. அதுதான் உன்னைக் கொன்றது. வெள்ளியைக் கறுக்க வைத்ததும் அதுதான்.

மனு கொடுத்தேன். கோட்டாட்சியர் அம்மா விசாரணை வைத்தார். அதற்கு லீவு கேட்டபோது தலைமையாசிரியர் தயங்கினார். "பெரிய எடம். உனக்கு எதுக்கும்மா வம்பு?"

"வம்பு பண்ணுனது அவங்க சார். செத்தது என் அண்ணன்."

விசாரணையில் டாலரைப் பார்த்து மேனேஜர் சிரித்தார். "வெள்ளின்னா வேர்வையிலயே கறுக்கும்ங்க மேடம்."

"அதுக்கு மாசக்கணக்காகும். ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல எப்படிக் கறுக்கும்?" என்று கேட்டுவிட்டு, ஒரு தாள் வாங்கி எழுதினேன்.

Ag + H₂S + O₂ → Ag₂S + H₂O

"அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் எத்தனை அணு இருக்கோ, அந்தப் பக்கமும் அத்தனை இருக்கணும் மேடம். இங்க ஆக்சிஜன் ரெண்டு, அங்க ஒண்ணு. அதனால தண்ணிக்கு ரெண்டு போடறேன். ஹைட்ரஜன் நாலாச்சு, இந்த வாயுவுக்கும் ரெண்டு. கந்தகம் ரெண்டாச்சு, வெள்ளி சல்பைடுக்கும் ரெண்டு. வெள்ளிக்கு நாலு."

4Ag + 2H₂S + O₂ → 2Ag₂S + 2H₂O

கோட்டாட்சியர் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார்.

"டாலர்ல இருக்கற கறுப்பு இந்த வெள்ளி சல்பைடுதான். அதுல கந்தகம் இருக்கு. அது எங்கேருந்து வந்துச்சு? சாராயத்துல கார்பன் இருக்கு, ஹைட்ரஜன் இருக்கு, ஆக்சிஜன் இருக்கு. கந்தகம் இல்ல. என் அண்ணன் குடம் குடமாக் குடிச்சிருந்தாலும் இந்தச் சமன்பாடு சமனாகாது."

செல்வம் எழுந்தான். மேனேஜர் அவனை முறைத்தார். ஆனாலும் சொன்னான். "நான் குடிக்கறதே இல்ல மேடம். நானும்தான் மயங்கி விழுந்தேன்."

மறுநாளே அவனுக்கு வேலை போனது. இப்போது திருவிடைமருதூரில் ஒரு கடையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அண்ணியைப் பார்க்க வருவான்.

கோட்டாட்சியர் ஆளனுப்பித் தொட்டியைச் சோதிக்க வைத்தார். வாயு இருந்தது. அறிக்கையில் 'விஷவாயு தாக்கி இறந்தார்' என்றே எழுதினார். அந்த வரியை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். உன்னைக் குடிகாரன் என்று அவர்கள் பழித்தபோது அழாதவள், அப்போது அழுதாள். மில் மீது வழக்கு நடக்கிறது. ஜெயிப்போமா? தெரியவில்லை. விடுவதாக மட்டும் இல்லை.

போன வாரம் வலங்கைமான் பக்கம் இன்னொரு மில்லில் தொட்டிக்குள் ஆள் இறக்கப்போவதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். குறுக்கே போய் நின்றுகொண்டேன். "யாரும்மா நீ?" என்று கத்தினார் முதலாளி. உன் பேரைச் சொன்னேன். இறங்க நின்ற இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அண்ணே: என் காதுக்கு எட்டுகிற எந்தத் தொட்டிக்குள்ளும் இனி ஒருவரையும் இறங்க விடமாட்டேன். அடிக்க வந்தாலும் நகரமாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
மரியா