சுருட்டுக்கு நெருப்பு

14.03.1980, வெள்ளி

கல்முனைக் கடற்கரையில் என்னைப் போலச் சுருட்டுக் குடிக்க ஒருத்தனும் பிறக்கவில்லை. நான் விட்ட புகையைக் கண்டு கப்பலொன்றே கரைக்குத் திரும்பியிருக்கிறது. அப்படிப்பட்ட எனக்கு இன்று மனம் சரியில்லை.

தங்கச்சி மகன் நிஸார் ஒரு சிகரட்டை இரண்டு இழுவை இழுத்து, இருமிக் கண்ணீர் விட்டுவிட்டு, "நானும் இப்ப சிகரட்காரன்தான் மாமா" என்றான். சிரித்துவிட்டேன்.

பிறகு அவனுக்கு மூத்தவள், அவன் ராத்தா பரீனா, வழமைபோல் என் சுருட்டைக் குசினி அடுப்பில் பற்றவைத்துக் கொண்டுவந்தாள். பாதிதான் மிச்சம்.

"என்ன புள்ள, நீயும் குடிக்கிறயா?"

"சீ! பொம்புளப்புள்ள சுருட்டுக் குடிக்கிறதா? நான் பத்தவெச்சித்தானே தாறன்."

அவள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறாள். வெளியே தெரிந்தால் பேசிவரும் கலியாணம் நின்றுபோகும். இனி நானே பற்றவைப்பதென்று நெருப்புப்பெட்டி வாங்கி வந்தேன்.

இரவு இஷாத் தொழுகை முடித்து வந்தால் பரீனா வாசலில் நிற்கிறாள்.

"மாமா, சுருட்டுக் குடிக்கல்லயா? தாங்களன், பத்தவெச்சித் தாறன்."

கையை நீட்டியபடியே நின்றாள். நெருப்புப்பெட்டி என் மடியிலேயே இருந்தது. ஆனாலும் சுருட்டைக் கொடுத்துவிட்டேன்.

இவ்வளவும் எழுதிவிட்டேன். சுருட்டு இன்னும் குசினியிலிருந்து வரவில்லை.