ஒற்றைக் கை எட்டும் இரட்டைக் கை எட்டும்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நாள் முழுக்க இடுப்பளவு ஆற்றில் நிற்கிற வேலையில் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நாங்கள் நலம். அப்பாவின் தோளையும் சேர்த்து அப்படி எழுத இன்றைக்குத்தான் தைரியம் வந்தது. பார்சல் வந்து இத்தனை நாளாகியும் அம்மாவிடமிருந்து ஒரு வரிகூட இல்லையே என்று திட்டியிருப்பாய். திட்டு. நல்ல சேதியோடு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன், போனில் என்றால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். நம் இருவரையும் பார்த்து அக்கா தங்கையா என்று கேட்பவர்கள், போன மாதம் என் முகத்தைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஏணியிலிருந்து விழுந்து வலது தோளில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அப்பா போர்டு எழுதும் தூரிகையையும் தொடவில்லை, தூண்டிலையும் தொடவில்லை என்பது உனக்குத் தெரியும். தூண்டிலிலாவது ஆரம்பிக்கட்டும் என்று நீதான் வழி சொன்னாய். நீளக் கயிற்றைத் தலைக்கு மேல் திரும்பத் திரும்ப ஆட்டுவதால்தானே தோள் வலிக்கும், ஷூட்டிங் ஹெட் என்றால் முன்னால் குட்டையாய்க் கனமாய் ஒரு துண்டு, பின்னால் மெல்லிய கயிறு, ஒரே வீச்சில் கனம் பறந்து மெல்லியதையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்றாய். அப்பா தன் தூண்டில் கம்பில் கயிற்றின் கன எண் எட்டு என்று போட்டிருப்பதைப் படித்துச் சொன்னார், நீயும் உங்கள் மீன்பிடி முகாமின் ஸ்டோர்காரரிடம் எட்டு என்று கேட்டு வாங்கி அனுப்பினாய். அதை மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போனோம். முதல் வீச்சிலேயே கம்பு கைப்பிடி வரை வளைந்துவிட்டது, கயிறு தொப்பென்று குவியலாக விழுந்தது, கொக்கி அவர் காதை உரசிக்கொண்டு போனது. எனக்கு உயிரே இல்லை. அவர் கம்பைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்தார். "இது அவ்வளவுதான். ஆத்தாளும் மகளும் இனிமே என்னைத் தேத்த வேண்டாம்" என்றார்.

அன்றிலிருந்து பிசியோதெரபிக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். பக்கத்துப் பூட்டுக்கடைக்காரரைக் கூப்பிட்டு, கம்பை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். அவரோ, "அண்ணே, சாவி தொலைஞ்சவங்க என்கிட்ட வருவாங்க. நீங்க என்னடான்னா பூட்டையே கழட்டிக் குடுக்குறீங்க" என்று சொல்லிப் பார்த்தார். அப்பா சிரிக்கவே இல்லை. அப்பா சிரிக்காத வீடு எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் மருந்தகத்தில் நின்று பழகியவள். எண்ணை மட்டும் சொன்னால் எனக்குப் போதாது, எதில் எட்டு என்று கேட்கத் தோன்றும். நீ அனுப்பிய ஹெட்டை மதிய இடைவேளையில் எங்கள் தராசில் போட்டேன். பிறகு தூண்டில் கடைக்குப் போன் செய்து, எட்டாம் எண் கம்புக்கு எவ்வளவு கனம் போடலாம் என்று கேட்டேன். அவர் சொன்னதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருந்தது இது. "மேடம், ஒத்தைக் கைக் கம்புல எட்டு வேற, ரெட்டைக் கைக் கம்புல எட்டு வேற. அதைப் போட்டும் உங்க கம்பு உடையலயேன்னு சந்தோஷப்படுங்க" என்றார் கடைக்காரர். உங்கள் முகாமில் எல்லாரும் இரண்டு கையாலும் பிடிக்கும் நீளக் கம்புக்காரர்கள் அல்லவா, ஸ்டோர்காரர் அதையே எடுத்துக் கொடுத்துவிட்டார். நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, கேட்காமல் விட்ட என்னையும் சேர்த்து நாலு பேரும் செய்த தப்பு இது.

அப்பாவிடம் ஓடிவந்து சொன்னால், "ஆறுதலுக்கு ஒரு கணக்கு வேறயா?" என்கிறார். நல்லவேளை, கம்பை எடுக்க வந்த பூட்டுக்கடைக்காரரிடமே ஒரு இரட்டைக் கைக் கம்பு இருந்தது, அதுவும் எட்டு. வாங்கிய நாளிலிருந்து அவர் தன் பழைய ஒற்றைக் கைக் கயிற்றைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறார். கனமே போதாமல் கம்பு வளையாதாம், துடைப்பக் கட்டை மாதிரி நிற்குமாம். நீ அனுப்பிய ஹெட்டை அந்தக் கம்பில் மாட்டினோம். என் கணக்கு தப்பு என்று காட்டுவதற்காகவே அப்பாவும் எங்களோடு ஏரிக்கு வந்தார். பூட்டுக்கடைக்காரர் முதலில் மெல்லிய கயிற்றைக் கம்பின் நுனிக்கு வெளியே அதிகமாக விட்டுவிட்டார், வீச்சு நடுவில் மடிந்து விழுந்தது. "அவ்வளவு வெளியே விடாதய்யா, கனம் நுனிகிட்டயே இருக்கட்டும்" என்று அப்பா வாயைத் திறந்தார் பார், அப்போதே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. பேசிக்கொண்டே கம்பை வாங்கிவிட்டார். வலது கை நெஞ்சுக்கு நேரே சும்மா பிடித்திருந்தது, இடது கை அடிப்பிடியை வயிற்றுப் பக்கம் இழுத்தது. தோளுக்கு மேல் கையே போகவில்லை. கயிறு போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. பூட்டுக்கடைக்காரர் விசில் அடித்தார். அப்பா கயிற்றைச் சுற்றி எடுத்து மறுபடியும் வீசினார்.

கம்பை எடுக்க வந்தவர் தன் கம்பையும் எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். அப்பா மறுநாளே பிசியோதெரபிக்குப் போனார், நான் சொல்லாமலேயே. இன்னும் மூன்று மாதம் பயிற்சி செய்தால் ஒற்றைக் கைக் கம்பும் பிடிக்கலாம் என்றார்களாம். அதற்கு ஏற்ற லேசான ஹெட் ஒன்று பார்த்து வை. இந்தத் தடவை எண்ணைக் கேட்காதே, கிராமைக் கேள். எட்டுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று அப்பா தானே கண்டுபிடித்த மாதிரி உன்னிடம் சொல்வார். அப்படியா அப்பா என்று கேட்டுக்கொள், என் ராசாத்தி.

விருந்தாளிகள் வீசும்போது அவர்களுக்குப் பின்னால் நிற்காதே. கண்ணாடி போடாமல் தண்ணீரில் இறங்காதே. உனக்கு எந்தக் குறையும் வராமல், போகிற தண்ணீரெல்லாம் உன்னைப் பத்திரமாகக் கரையேற்றட்டும்.

உன் அம்மா.

பி.கு.: கீழே இருப்பது அப்பா கையெழுத்து. கொஞ்சம் கோணல்தான், ஆனால் வலது கையால் போட்டது.