ஓர் உகரமும் ஓர் இடைவெளியும் திரும்பக் கேட்டு

அனுப்புநர்:
முதுநிலை எழுத்தர்,
பதிவறை, நான்காம் தளம்,
ஒருங்கிணைந்த அரசு அலுவலகக் கட்டடம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
கழிவுக் குறைப்புத் தன்னாட்சி நிபுணர் வாரியம்.

பொருள்: தங்கள் ஆலோசனையில் இருந்த ஓர் உகரமும் ஓர் இடைவெளியும் சுற்றறிக்கையில் காணாமல் போனது – எங்கள் கழிவறைகள் பூட்டப்பட்டது – திறந்துவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் வாரியத்தின் முதல் ஆலோசனை அறிக்கை.
2. எங்கள் கட்டடப் பொறுப்பு அலுவலரின் சுற்றறிக்கை.
3. பூட்டு (நேரில் பார்த்தது).

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் வாரியத்தின் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசுக்கு அஞ்சாமல், ஆளுக்கு வளையாமல், குப்பையைக் குறைப்பது எப்படி என்று நிபுணர்கள் கூடி ஆலோசனை சொல்வது நல்ல ஏற்பாடு. அதை ஏற்பதும் தள்ளுவதும் அரசின் உரிமை என்பதும் அறிவேன். இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டவர்களைப் பற்றியதே இம்மனு.

2. எங்கள் கட்டடத்தைப் பற்றித் தங்கள் அறிக்கை சொன்னது முழுக்க உண்மை. தளந்தோறும் படிக்கட்டை ஒட்டி ஒரு கழிவு அறை இருக்கிறது. கால் உடைந்த நாற்காலி, சுற்றாத மின்விசிறி, எந்த மேசையோடும் சேராத இழுப்பறை, தன்னுடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளாத டிபன் டப்பா எல்லாம் அதில் உண்டு. போட இடம் இருப்பதால்தான் குப்பை சேர்கிறது. ஆகவே தளந்தோறும் உள்ள கழிவு அறைகளை மூடிவிட்டு, தரைத்தளத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று வாரியம் எழுதியது. படித்தபோது நானே தலையாட்டினேன்.

3. அரசு அந்த ஆலோசனையை ஏற்று அனுப்ப, எங்கள் கட்டடப் பொறுப்பு அலுவலர் அதைச் சுற்றறிக்கையாக அடிக்கச் சொன்னார். அடித்தபோது கடைசி வரி மட்டும் இரண்டாம் தாளுக்குப் போய்விட்டது. கழிவைக் குறைக்கச் சொல்லும் சுற்றறிக்கையே ஒரு தாளை வீணாக்கலாமா என்று அலுவலர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். எங்கள் தட்டச்சர் இலக்கணம் படித்தவர். சேர்த்து எழுதக்கூடிய சொற்களையெல்லாம் சேர்த்து, இடைவெளிகளை நெருக்கி, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்கிவிட்டார். அப்படி அடக்கியதில் ‘கழிவு அறை’ என்பது ‘கழிவறை’ ஆயிற்று.

4. தட்டச்சரை நேரில் கேட்டேன். “உயிரெழுத்து வந்தா உகரம் ஓடிடும் மேடம். நீங்க உக்காந்திருக்கற இடத்தையே பதிவு அறைன்னா எழுதறோம், பதிவறைன்னுதானே எழுதறோம்” என்றார். அவர் இலக்கணத்தில் பிழை இல்லை. உகரம் ஓடியது. அன்று முதல் நாங்களும் ஓடுகிறோம்.

5. சுற்றறிக்கை வந்த அன்று பிற்பகலே நான்கு தளங்களிலும் கழிவறைகளுக்குப் பூட்டு விழுந்தது. மாற்றல் ஆணை கேட்டால் மாதக்கணக்கில் அசையாத அலுவலகம், இதற்கு மட்டும் மின்னலாக வேலை செய்தது. ‘ஒன்றை மட்டும்’ என்று எழுதியிருந்ததால் தரைத்தளத்தில் ஆண்கள் பக்கமும் பூட்டப்பட்டு, மீதி ஒன்று எல்லாருக்கும் பொது ஆனது. வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. ஒரு பக்கம் ‘ஆண்கள்’, மறுபக்கம் ‘பெண்கள்’. காவலாளி அவ்வப்போது திருப்பிவிட வேண்டும். அவர் டீ குடிக்கப் போயிருக்கும் நேரங்களில் நடந்தவற்றை மனுவில் எழுதுவது முறையல்ல. மின்தூக்கி பழுது, அதற்கும் தங்கள் ஆலோசனைக்கும் தொடர்பில்லை, அது எப்போதும் பழுது. கழிவு அறைகளைச் சுற்றறிக்கை தொடவே இல்லை என்பதால் அவை பத்திரமாக இருக்கின்றன. பூட்டிய கழிவறைகள் சும்மாதானே கிடக்கின்றன என்று இப்போது அங்கும் நாற்காலி போடத் தொடங்கியிருக்கிறார்கள்.

6. ஆத்திரத்தை அடக்கினாலும் அடக்க முடியாத இன்னொன்றைப் பற்றி நம் முன்னோர் எதுகையோடு ஒரு பழமொழி சொல்லியிருக்கிறார்கள். அலுவலகக் கடிதம் என்பதால் பாதியோடு நிறுத்துகிறேன். மீதியைத் தாங்கள் அறிவீர்கள்.

7. எனக்காக மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். என் நாத்தனார் இதே தளத்தில் தபால் பிரிவில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது; ஏழாம் மாதம். அந்த வயிற்றோடு நான்கு மாடி இறங்கி, வரிசையில் நின்று, முறை வரும்போது பலகை திரும்பிவிட்டதைப் பார்த்து, மறுபடி ஏறி வருகிறாள். பாவி, இதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். போன வாரம் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து மருத்துவரிடம் கூட்டிப்போனேன். “தண்ணி குடிக்காம புள்ளையை எப்படிம்மா வளர்ப்பீங்க” என்று அந்த அம்மாள் என்னைத்தான் திட்டினார். நான் சுற்றறிக்கையை விளக்கினேன். அவருக்குப் புரியவில்லை.

8. வீட்டில் என் மாமியார் தன் மகளை வேலையை விட்டுவிடச் சொல்கிறார். என்னைப் பார்த்து, “ஆபீஸே உன் கையிலதான் ஓடுதுன்னு பீத்திக்குவியே, ஒரு பூட்டைத் திறக்க உன்னால ஆகலையா” என்றார். நாத்தனார் பரீட்சை மேல் பரீட்சையாக எழுதி, இரண்டு முறை தோற்று, அழுது, பிறகு வாங்கிய வேலை இது. இப்போது யாரிடமும் சொல்லாமல் ராஜினாமா கடிதம் அடித்துவிட்டாள். தற்செயலாகப் பார்த்து அதைப் பிடுங்கி, வெள்ளிக்கிழமை வரை பொறு என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

9. பிறகு ஒவ்வொரு வாசலாக ஏறினேன். கட்டடப் பொறுப்பு அலுவலர், ஆலோசனை சொன்னது தன்னாட்சி வாரியம், அதில் ஓர் எழுத்தைக் கூட்டினாலும் அவர்கள் சுதந்திரத்தில் தலையிட்டதாகிவிடும் என்றார். ஓர் எழுத்தைக் குறைத்தபோது தலையிடவில்லையா என்று கேட்டேன். அது இலக்கணம் என்றார். துறை அலுவலகத்தில், வாரியம் சொல்வது வெறும் ஆலோசனைதானே, கட்டாயம் இல்லையே என்றார்கள். அப்படியானால் திறக்கலாமா என்றேன். அரசு ஏற்றுக்கொண்ட பிறகு எப்படித் திறப்பது என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே சாமி கேட்டது ஒன்று, பூசாரி பூட்டியது ஒன்று. தங்கள் வாரியம் யாருக்கும் கட்டுப்படாதது என்பதைப் பணிவோடு ஏற்கிறேன். ஏழு மாதக் கர்ப்பிணியின் உபாதையும் யாருக்கும் கட்டுப்படாது என்பதைத் தாங்கள் ஏற்க வேண்டும்.

10. சென்ற வாரம் தங்கள் வாரியத்து நிபுணர் ஒருவர் ஆய்வுக்கு வந்தார். நான்காம் தளத்தில் அமரவைத்து டீ கொடுத்தோம். பேச்சு சுவாரசியத்தில் இரண்டாம் முறையும் குடித்தார். தண்ணீர்ச் செலவு பாதிக்கு மேல் குறைந்திருப்பதைப் பார்த்து மிகவும் பாராட்டி, முன்மாதிரிக் கட்டடம் என்று எங்களுக்குப் பட்டயம் தரப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். பிறகு, “பாத்ரூம் எந்தப் பக்கம்” என்று கேட்டார். நாங்கள் படிக்கட்டைக் காட்டினோம். கீழே இறங்கிப் போனவர் மேலே வரவில்லை. அப்போது பலகை ‘பெண்கள்’ என்றிருந்ததாகவும், ஐயா வாகனத்தை வேகமாக ஓட்டச் சொன்னதாகவும் காவலாளி தெரிவித்தார். அந்த ஆய்வின் அறிக்கையில் இந்தப் பகுதி விடுபட்டிருக்கலாம் என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

11. ஆகவே, ‘நாங்கள் சொன்னது கழிவு அறை, கழிவறை அல்ல’ என்று ஒரே ஒரு வரி எழுதி வாரியம் அனுப்ப வேண்டுகிறேன். சேர்த்து எழுத முடியாதபடி எழுதினால் நலம். ‘குப்பை போடும் அறை’ என்றால் எங்கள் தட்டச்சராலும் ஒன்றும் செய்ய முடியாது. இதற்கு வாரியம் கூட வேண்டும், கூட்டத்துக்கு நாள் குறிக்க வேண்டும் என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளை அதற்குள் பிறந்துவிடும்.

12. இன்னொன்று. வாரியத்தின் அடுத்த ஆலோசனை ‘தாள் குறைப்பு’ என்று கேள்விப்பட்டேன். நல்ல விஷயம். ஆனால் அதையும் இதே தட்டச்சர்தான் அடிப்பார். முதல் எழுத்தில் ஒரு மெய்யை அவர் மிச்சம் பிடித்தால் அது ‘ஆள் குறைப்பு’ ஆகிவிடும். அதையும் அன்று பிற்பகலே நிறைவேற்றிவிடுவார்கள். எங்கள் தளத்தில் அது ஏற்கெனவே தபால் பிரிவில் தொடங்கிவிட்டது என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

13. கடைசியாக, இம்மனு புதிய தாளில் எழுதப்படவில்லை. ஒரு பக்கம் அடித்த தாளின் வெற்றுப் பக்கத்தைப் பயன்படுத்துங்கள் என்பது தங்கள் அறிக்கையின் ஐந்தாம் ஆலோசனை. எங்கள் கட்டடத்தில் சரியாக நிறைவேறியது அது ஒன்றுதான். மறுபக்கத்தில் என் நாத்தனாரின் கையெழுத்து இருக்கும். வெள்ளிக்கிழமை அவள் அந்தத் தாளைத் திரும்பக் கேட்கும்போது அது தங்கள் மேசையில் இருக்கட்டும் என்றே அனுப்புகிறேன். எந்தப் பக்கம் மேலே வருமாறு கோப்பில் சேர்ப்பது என்பது இனி தங்கள் கையில். தயவுசெய்து தாளைத் திருப்பிவிடாதீர்கள், ஐயா. இங்கே திருப்பிப் போடுவதற்கு ஒரு பலகை போதும்.

மூச்சு வாங்கியபடி, பணிவுடன்,

(ஒப்பம்)
முதுநிலை எழுத்தர், பதிவறை

இடம்: நான்காம் தளம்
நாள்: திங்கட்கிழமை, மதிய இடைவேளை (வரிசையில் நின்றபடி)

இணைப்பு: இல்லை. மறுபக்கம் இணைப்பு அல்ல.