டேம் என்ற கட்டத்தில் வீடூர்

12-11-85, செவ்வாய். விழுப்புரம்.
விடியலிலிருந்து தூறல். குடையை ஆபீஸிலேயே விட்டுவிட்டேன், தண்டம். திண்டிவனம் மாட்டாஸ்பத்திரியின் பழைய கன்றுப் பதிவேடு வந்திருக்கிறது. நான் புதிதில் பெயர்த்தெழுத வேண்டும், தப்பைச் சிவப்பு மையில் அடித்து.

திறந்தால் ஏழுமலை கையெழுத்து! '79இல் அங்கே என் எதிர்மேசைக்காரர். டேம் என்ற கட்டத்தில் வீடூர், வீடூர், வீடூர். பக்கம் முழுக்க.

பாவி நான். "டேம்னா இன்னா மேடம்?" என்று கேட்டவரிடம், "வீடூர் டேம்தான். மாடு எங்க தண்ணி குடிக்குதுன்னு கேக்கறாங்க" என்று முகம் மாறாமல் சொன்னது நான்தான். அது கன்றின் தாயை எழுதும் கட்டம். டாக்டர் எல்லார் முன்னாலும் கத்தினார். எல்லாரோடும் நானும் சிரித்தேன். ஏழுமலை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மறுமாதமே மயிலத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வாங்க: சீயக்காய், சிவப்பு மை.

13-11, புதன்.
விடாத மழை. டிக்‌ஷனரி பார்த்தேன். தண்ணீரை மறிக்கும் டேம் டச்சுக்காரர் பக்கத்துச் சொல். மாட்டின் தாய் வேறு டேம். சீமாட்டியைச் சொல்லும் பிரெஞ்சு வார்த்தை தேய்ந்தது. மேடம் என்ற சொல்லுக்குள் இருப்பதும் அதுவேதான். அடக் கடவுளே! நம் அணை என்ற சொல் தேவலை. தண்ணீரையும் நிறுத்தும், விளக்கையும் அவிக்கும், பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளும்.

அந்த மத்தியானங்கள். பழைய ஃபைல் அட்டையில் அவித்த மல்லாட்டை. உரித்து, சொத்தைக் கடலையெல்லாம் தன் பக்கம் ஒதுக்கிக்கொள்வார் ஏழுமலை. அப்படி ஒரு துணை பிறகு எந்த ஆபீஸிலும் கிடைக்கவில்லை.

பியூன்: "நாளிக்கு மயிலத்துலேர்ந்து ஏழுமலை சாரு கன்னுக்குட்டி லிஸ்ட் எடுத்துக்கினு வர்றாராம் மேடம்."
நாளை சொல்லிவிட வேண்டும்.

14-11, வியாழன்.
வெயில். வந்தார். முன்நெற்றி ஏறிவிட்டது. டீ வரவழைத்தேன். சொல்லிவிட்டேன்.
"அன்னைக்கு வெளையாட்டுக்கு வேணும்னேதான் சொன்னேன் சார். மன்னிச்சிடுங்க."
டம்ளரையே பார்த்தார். "தெரியும் மேடம். டாக்டரு திட்டினதுகூட பெருசில்ல. நீங்களும் சிரிச்சீங்க பாருங்க, அதான் பேஜாரா பூட்சி."
அழுதுவிட்டேன். வெட்கம்.
லிஸ்டை என் பக்கம் தள்ளினார். கடைசி வரி அவர் வீட்டுக் கன்று. டேம்: வீடூர்.
"இன்னும் இதேவா சார்?"
"தப்பில்ல மேடம். தாய்ப்பசுவுக்கு நான் வெச்ச பேரே வீடூருதான். ஜல்தி எழுதுங்க, பஸ் பூடும்."
எழுதினேன். நீல மையில்.