எந்தக் கப்பலில் வந்தீர்கள்?

வில்யா நோர்மா,
12 ஜூன் 1989

அன்புள்ள ஸ்டெஃபா,

தலைநகரில் அமைச்சகத்து நாற்காலி உனக்கு இதமாக இருக்கிறதா? நம் ஊர்க் குடியேறிகள் விழாவில், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த எங்கள் பராகுவேக்காரர்களுக்கும் ஒரு வீடு வேண்டும் என்று உங்கள் கலாச்சாரத் துறைக்கு மனுப் போட்டிருக்கிறேன். ஜெர்மானியருக்கும் ஜப்பானியருக்கும் மைதானத்தில் ஓட்டு வீடும் கொடிக்கம்பமும் இருக்கின்றன. சுவிஸ்காரர்கள் மொத்தமே மூன்று பேர், அவர்களுக்கும் இருக்கிறது. நாங்கள் ஊரில் பாதிப் பேர். பதினெட்டு வருடமாக உங்கள் உக்ரைன் வீட்டில் வரேனிகிக் கொழுக்கட்டை பிடிப்பது நான், பரிமாறுவது நீ. ஒரு தடவையாவது என் கூரையின் கீழ், என் பெயரில் சமைக்க ஆசை.

விண்ணப்பத்தில் 'வந்த கப்பலின் பெயர்' கேட்டிருந்தது. சித்தப்பாவின் ஓடம், பெயர் வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன்.

உன்,
எர்மெலிந்தா


தலைநகர்,
25 ஜூன் 1989

அன்பு எர்மெலிந்தா,

உன் மனுவைப் படித்து இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஓடமெல்லாம் கப்பல் கணக்குல வராதும்மா" என்கிறார். கொள்கை நகலை இணைத்திருக்கிறேன். 'பல நிற நூல்களால் நெய்த ஒரே துணி நம் தேசம்' என்ற முதல் வரி நான் எழுதியது. கடல் கடந்து வந்தவர்கள் கலாச்சாரத் துறையில் வருகிறார்கள். ஆறு கடந்து வந்தவர்கள் குடிவரவு அலுவலகத்தில் வருகிறார்கள். நான் என்ன செய்யட்டும்? மனத்தில் வைத்துக்கொள்ளாதே. செப்டம்பர் விழாவுக்கு எண்ணூறு கொழுக்கட்டை வேண்டும்.

முத்தங்களுடன்,
ஸ்டெஃபா


வில்யா நோர்மா,
9 ஜூலை 1989

ஸ்டெஃபா,

உன் வரியைப் பக்கத்து வீட்டு நிமேசியாவுக்குப் படித்துக் காட்டினேன். "நம்மள எங்கடி வச்சு நெய்திருக்காங்க, உள்பக்கமா?" என்றாள். சிரித்தோம். அப்புறம் எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை எழுதியது நீ என்பதால்.

உன் தாத்தா கப்பலில் வந்தார், சரி. உக்ரைன் மொழியில் உனக்குத் தெரிந்தது இரண்டு பாட்டும் ஒரு வசவும்தான். நான் பிறந்த ஊர் என் கொல்லையிலிருந்து தெரிகிறது. பக்கத்தில் பிறந்தது என் குற்றமா? இந்த வருடம் கொழுக்கட்டை கிடையாது.

எர்மெலிந்தா ஓவியெடோ


தலைநகர்,
20 ஆகஸ்ட் 1989

கோபக்காரி,

ஒத்திகைக்கு ஊருக்கு வந்திருந்தேன். நாங்களே பிடித்த கொழுக்கட்டைகள் கொதிநீரில் வாயைப் பிளந்துவிட்டன. எங்கள் உக்ரைன் சங்கத் தலைவர் அதைக் கஞ்சி என்று நினைத்து இரண்டு கிண்ணம் குடித்தார். உன் வீட்டு வாசல் வரை வந்தேன். தட்டத் தைரியம் வரவில்லை.

இயக்குநரிடம் பேசிவிட்டேன். மைதானத்தில் எங்கள் உக்ரைன் வீட்டுப் பின் வராந்தாவில் உனக்கொரு மேசை போடலாமாம். பெயர்ப்பலகை மட்டும் கூடாதாம். சம்மதமா?

ஸ்டெஃபா


வில்யா நோர்மா,
2 செப்டம்பர் 1989

அன்புள்ள ஸ்டெஃபா,

வராந்தா வேண்டாம். மைதான வாசலுக்கு எதிரேயே நிமேசியாவின் முற்றம். தார்ப்பாய்க் கூரையும் களிமண் அடுப்பும் தயார். 'பராகுவே வீடு' என்று பலகையும் மாட்டியாயிற்று. அனுமதி கேட்கவில்லை, கேட்டால் இன்னொரு விண்ணப்பம் தருவீர்கள். நேற்று மரவள்ளி மாவில் சீபா ரொட்டி சுட்டுப் பார்த்தோம். வாசனைக்கே சுவிஸ்காரர்கள் மூவரும் தங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார்கள்.

அடுத்த தடவை வாசல் வரை வந்தால் தட்டு. உன்மேல் கோபம் இருக்கிறது. நீ இல்லாத விழா எனக்குப் பிடிக்கவும் இல்லை. திறப்பு நாளன்று காலையிலேயே வந்துவிடு. மேடையில் உன் இயக்குநர் பேசிக்கொள்ளட்டும். இங்கே மாவு பிசைய ஆள் போதவில்லை.

எர்மெலிந்தா