படித்துக் காட்டாத பக்கம்

லண்டன், மார்ச் 6, 1863

அன்பு மகன் சைலஸுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் உன் தங்கைகள் இருவரும் மூச்சோடு இருக்கிறோம். கடலுக்கு அப்பால் ஆடு மேய்க்கும் உனக்கும் அவரே துணை. வழக்கம்போல நான் சொல்லச் சொல்லச் சின்னவள் தொர்காஸ் எழுதுகிறாள், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள், நீ சிரமமில்லாமல் படிக்கலாம்.

பெரியவள் கெசையா தீக்குச்சித் தொழிற்சாலையிலிருந்து பல்வலியோடு வந்தாள் என்று போன முறை எழுதியிருந்தேனே, பல்லைப் பிடுங்கியும் குழி ஆறவில்லை, தாடை வீங்கிவிட்டது. பட்டப்பகலில் கரி அள்ள நிலவறைக்குள் போனவளின் கன்னம் பச்சையாக மினுங்கியதை என் கண்ணால் பார்த்தேன். மூஞ்சி இல்லம்மா, துணியில ஒட்டுன தீக்குச்சி மருந்து, அந்தப் பாஸ்பரஸ்தான் மினுங்குது, இனிமே நம்ம வீட்டுக்கு விளக்கே வேணாம் என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொழிற்சாலைப் பெண்களுக்காகக் கதை எழுதும் மிஸ் ஏவரில் நம் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்து எல்லாவற்றையும் கேட்டுப் போனார் அல்லவா, அந்தக் கதை இப்போது மாதம் ஒரு பகுதியாகச் சின்னப் புத்தகத்தில் வருகிறது. அதில் வரும் ஹெட்டி நம் கெசையாவேதான், அதே பல், அதே சிவப்புச் சால்வை. ஆனால் ஹெட்டிக்குக் காது வலித்த பகுதி வந்த வாரமே இவளுக்கும் காது வலித்தது, அதை நாங்கள் அவரிடம் சொன்னதே இல்லை. எதிர்வீட்டு மிஸஸ் கிரப், ஏண்டி மார்த்தா, அந்தப் பொம்பள உன் பொண்ணப் பாத்து எழுதுறாளா, இல்ல அவ எழுதுறதப் பாத்து உன் பொண்ணு நோவுறாளா என்று கேட்டாள்.

நேரே மிஸ் ஏவரில் வீட்டுக்குப் போய், அந்தப் பொண்ணச் சாகடிச்சிடாதீங்கம்மா என்று கெஞ்சினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, சட்டம் போடுறவங்க செத்தவளுக்குத்தான் அழுவாங்க, மார்த்தா என்றார். அப்படிச் சொன்னவர் பிறகு மனம் இரங்கியிருக்கிறார். போன வாரம் வந்த பகுதியைத் தொர்காஸ் படித்துக் காட்டினாள், ஹெட்டி பிழைத்து வேலைக்கே திரும்பிவிட்டாளாம். அன்றிலிருந்து கெசையாவுக்கும் வலி இல்லை. அதனால் திங்கட்கிழமை அவளை வேலைக்கு அனுப்புகிறேன். தெருப் பெண்கள்தான் ஏனோ அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நேற்று மிஸஸ் கிரப் துக்கத்துக்குக் கட்டும் கறுப்பு நாடா ஒன்றை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

ஈரக் காலுறையோடு தூங்காதே, சாராயக்காரர்களோடு சேராதே, ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தை மறக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
மார்த்தா பிளிஸ்
X (எழுதப் படிக்கத் தெரியாத அம்மா தன் கையால் போட்ட குறி)

அண்ணா, இனி எழுதுவது நான், தொர்காஸ். அம்மா துணி உலர்த்தப் போயிருக்கிறாள். ஹெட்டி பிழைக்கவில்லை. கெசையா எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், என்னால் அந்தப் பக்கத்தைப் படிக்க முடியவில்லை. நானாகவே ஒரு முடிவைச் சொல்லிவிட்டேன். தெருவில் மற்றவர்கள் அச்சில் இருப்பதைப் படித்துவிட்டார்கள். ஹெட்டிக்கும் கடைசியில் வலி நின்றுவிடுகிறது அண்ணா, அதை நம்பித்தான் ஹெட்டியும் வேலைக்குப் போகிறாள், பிறகுதான் சாகிறாள். இன்று காலை கெசையா குளித்து வேறு உடுப்பு மாற்றிய பிறகு அவளோடு நிலவறைக்குள் போனேன். மினுக்கம் துணியில் இல்லை, அவள் தாடையில் இருக்கிறது.

திங்கட்கிழமைக்குள் அம்மா உண்மையைக் கேட்டாக வேண்டும். படியில் அவள் காலடி கேட்கிறது. புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறேன், முப்பத்தொன்றாம் பக்கம்.